பழைய செலக்டைத் தளர்த்துவதா, புதிய குறிச்சொல்லைப் படைப்பதா?

பலமொழி விண்ணப்பப் படிவம் ஒன்றுக்கு மொழி தேர்வுப் பெட்டி அமைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மொழியின் பெயரும் அதன் சொந்த எழுத்தில் பெரிதாக வர வேண்டும், பக்கத்தில் ஆங்கிலப் பெயர் சின்னதாகச் சாம்பல் நிறத்தில் நிற்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தேர்வுப் பெட்டிக்கான குறிச்சொல் செலக்ட், அதன் ஒவ்வொரு வரியும் ஓர் ஆப்ஷன். ஆப்ஷனுக்குள், எழுத்தின் ஒரு துண்டுக்குத் தனித் தோற்றம் தர உதவும் ஸ்பான் குறிச்சொல்லைப் போட்டு ஆங்கிலப் பெயரை அதில் வைத்தேன். பக்கத்தைத் திறந்தால் இரண்டு பெயர்களும் இடைவெளிகூட இல்லாமல் ஒட்டிக்கொண்டு, ஒரே அளவில், ஒரே கறுப்பில் நின்றன. உலாவியின் ஆய்வுக் கருவியைத் திறந்து பார்த்தேன். நிறம் ஏறாததல்ல சிக்கல். ஸ்பானே அங்கே இல்லை. நான் எழுதிய குறிச்சொல்லை உலாவி விழுங்கிவிட்டிருந்தது.

இது பிழை அல்ல, அன்றைய விதி. எச்டிஎம்எல் என்பது வலைப்பக்கங்களை எழுதும் குறிமொழி. அந்தப் பக்கத்தை எழுத்தெழுத்தாகப் படித்து, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மரமாக அடுக்கும் உலாவியின் பகுதிக்குப் பார்சர் என்று பெயர். செலக்ட் என்ற குறிச்சொல்லைக் கண்டதும் பார்சர் தனிப் போக்குக்குப் போய்விடும். ஆப்ஷன், ஆப்ட்குரூப், ஸ்கிரிப்ட், டெம்ப்ளேட் என்ற ஒரு சிலவற்றைத் தவிர எந்தக் குறிச்சொல் வந்தாலும் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். செலக்ட் 1995இன் எச்டிஎம்எல் 2.0 தொட்டு இருக்கிறது. அதற்குள் எழுத்தைத் தவிர வேறெதற்கும் இடம் வேண்டியிருக்கும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை.

இந்த விதியை மாற்றலாமா, மாற்றினால் எப்படி என்பது தரநிலை எழுதுவோரிடையே ஆண்டுக்கணக்கில் ஓடிய வாதம். 2025 ஏப்ரலில் குரோம் 135 ஒரு பதிலோடு வந்தது. அந்தப் பதில்தான் சரி என்பது என் கட்சி. ஆனால் எதிர்வாதம் செய்தவர்கள் சொன்னதில் பாதி இன்றைக்கும் அப்படியே நிற்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

உள்ளே போகுமுன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். எச்டிஎம்எல்லில் ‘விதி’ என்று நாம் பொதுவாகச் சொல்வது இரண்டு தனித்தனிச் சங்கதிகள். ஒன்று, பக்கம் எழுதுகிறவருக்கான விதி: எதற்குள் எதை வைக்கலாம் என்பது. மீறினால் சரிபார்ப்புக் கருவி திட்டும், உலாவி கண்டுகொள்ளாது. மற்றது, பார்சருக்கான விதி: எப்படி எழுதியிருந்தாலும், எவ்வளவு கோணலாக எழுதியிருந்தாலும், அதிலிருந்து எந்த மரம் உருவாக வேண்டும் என்பது. முதல் வகையை மாற்றுவது ஏறக்குறைய செலவில்லாத காரியம். டிஎல் என்ற விளக்கப் பட்டியலுக்குள் டிவ் என்ற பொது உறைக் குறிச்சொல்லை வைக்கலாம் என்று 2017இல் வந்த எச்டிஎம்எல் 5.2 ஒப்புக்கொண்டபோது எந்தப் பார்சரும் மாற வேண்டியிருக்கவில்லை. சரிபார்ப்புக் கருவி திட்டுவதை நிறுத்தியது, அவ்வளவே. தலைப்புக் குறிச்சொற்களை அடுக்குக்கேற்பத் தானாகத் தரம் பிரிக்கும் ஏற்பாடு ஒன்று வரையறையில் பல ஆண்டுகள் இருந்தது. எந்த உலாவியும் அதைத் திரைவாசிப்பானுக்கு, அதாவது பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் நிரலுக்கு, கொண்டுசெல்லவில்லை. 2022இல் அடித்துவிட்டார்கள். ஏட்டுச் சுரைக்காய் போனதில் யாருக்கும் நட்டமில்லை.

இரண்டாம் வகை அப்படியல்ல. இன்றைய பார்சர் விதிகளை யாரும் உட்கார்ந்து யோசித்து வடிவமைக்கவில்லை. அன்றைய உலாவிகள் கோணல் பக்கங்களை எப்படிச் சமாளிக்கின்றன என்று நோண்டிப் பார்த்து, அதை முறைப்படுத்தி எழுதிவைத்தார்கள். ஆப்பிள், மோசில்லா, ஓபரா ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் 2004இல் தொடங்கிய, எச்டிஎம்எல் தரநிலையை எழுதும் வாட்விக் குழுவின் பெரிய சாதனை அதுதான். அதற்கு முன் ஒரே கோணல் பக்கம் நான்கு உலாவிகளில் நான்கு மரமாகும். பக்கம் எழுதியவர் ‘இமேஜ்’ என்று முழுச்சொல்லை எழுதியிருந்தால் அதை ‘இமேஜி’ன் சுருக்கமான படக் குறிச்சொல்லாக மாற்றிக்கொள் என்று வரையறை சொல்கிறது, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ‘கேட்காதீர்கள்’ என்று ஒரு குறிப்பும் உண்டு. இப்படிப்பட்ட ஏட்டில் ஒரு வரியைத் தொட்டால் எந்தக் காலத்துப் பக்கம் எங்கே சரியும் என்று சொல்ல முடியாது. செலக்ட் வாதம் இந்த இரண்டாம் வகையில் வந்து விழுந்ததால்தான் அவ்வளவு நீண்டது.

முதல் வழி, விதியைத் தொடாமலே விடுவது. அலங்காரம் வேண்டுகிறவர்கள் பக்கத்துக்குள் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் தாங்களே கட்டிக்கொள்ளட்டும். ஏற்கெனவே எல்லாரும் அதைத்தானே செய்துவந்தோம்? சோசன், செலக்ட்2, ரியாக்ட் செலக்ட் என்று ஆயத்த நிரல் நூலகங்கள் அடுக்கடுக்காக வந்தன. தரநிலைக்குழுவுக்கு வேலையே இல்லை, பழைய பக்கம் எதுவும் உடையாது.

செலவு வேறோர் இடத்தில் விழுகிறது. டிவ்களால் கட்டிய பெட்டி ஒரு தேர்வுப் பெட்டி என்பது திரைவாசிப்பானுக்குத் தெரியாது. திரைவாசிப்பான் போன்றவற்றுக்காகவே உள்ள ஏரியா (ARIA) என்ற பண்புக்கூறுகளால் சொல்லித்தர வேண்டும். அதற்கான காம்போபாக்ஸ் (திறந்து தேர்ந்தெடுக்கும் பெட்டி) அமைப்பு ஏரியா 1.0, 1.1, 1.2 என்று ஒவ்வொரு பதிப்பிலும் மாறியது. ஒரு பதிப்பைப் பார்த்துச் சரியாகக் கட்டியவர் அடுத்த பதிப்பில் பழையவராகிவிடுவார். அதற்குமேல் விசைப்பலகை: கீழம்பு, ஹோம், எண்ட், எஸ்கேப், முதலெழுத்தைத் தட்டினால் அந்தப் பெயருக்குத் தாவுவது. உலாவி இலவசமாகத் தந்துவந்த இத்தனையையும் ஒவ்வொரு குழுவும் மறுபடி எழுத வேண்டும். எழுதுகிறார்களா? என் மொழிப் பெட்டியை நானும் அப்படித்தான் செய்தேன். சோதனையில் எல்லாம் ஓடியது. கைப்பேசியில் உள்ளிடும் பலகை எழும்பியதும் பட்டியல் அதற்கடியில் போய் மறைந்துகொண்டது. மூன்று நாள் அதற்கே போனது.

இரண்டாவது வழி, பார்சரைத் தொடாமல், பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸால் மட்டும் செலக்டைத் திறந்துவிடுவது. நிறம், ஓரம், எழுத்துரு எல்லாம் மாற்றலாம். உள்ளே எழுத்து மட்டுமே. இதில் நீண்ட நேரம் நிற்க வேண்டியதில்லை. ஒரு வரிக்குள் இரண்டு எழுத்துருவோ ஒரு கொடிப் படமோ வேண்டும் என்றதுமே இந்த வழி முட்டிக்கொள்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் மூலம் செலக்டுக்குள் எதையும் சேர்க்கலாம் என்பது உண்மை. தடை பார்சரில்தான், மரத்தில் இல்லை. ஆனால் சேவையகத்திலிருந்து எச்டிஎம்எல்லாக வரும்போது ஒரு மரம், ஸ்கிரிப்ட் கட்டும்போது வேறு மரம் என்றால் ரியாக்ட் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் சட்டகங்கள் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று கூச்சலிடும்.

மூன்றாவது வழிதான் உண்மையான போட்டியாளர்: செலக்ட் செலக்டாகவே இருக்கட்டும், பக்கத்தில் புதிதாக ஒரு குறிச்சொல்லைப் படைப்போம். இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சியின் ஓபன் யூஐ குழு முதலில் இந்த வழியில்தான் நடந்தது. செலக்ட்மெனு என்ற பெயரில், குரோமின் அடித்தளமான குரோமியத்தில் சோதனை வடிவம் வந்தது. 2023இல் அதன் பெயர் செலக்ட்லிஸ்ட் ஆனது. நானும் அப்போது இதைத்தான் ஆதரித்தேன். பழைய பாரம் எதுவும் இல்லை. முதல் நாளிலிருந்தே சரியாக வரையறுக்கலாம். பழைய பக்கம் எதுவும் அந்தச் சொல்லை எழுதியிருக்காது என்பதால் எதுவும் உடையாது. பார்சருக்குத் தெரியாத குறிச்சொல் என்றால் அது எதையும் விழுங்குவதில்லை, உள்ளே என்ன வைத்தாலும் வைத்தபடி இருக்கும்.

சிக்கல், புதிய குறிச்சொல்லைப் பழைய உலாவி பார்க்கும் தருணத்தில் இருக்கிறது. தெரியாத குறிச்சொல்லை உலாவி வெறும் உறையாக எடுத்துக்கொண்டு உள்ளே இருப்பதைக் காட்டிவிடும். ஆக, இருபது மொழிகள் கொண்ட பட்டியல் ஒரு பெட்டியாக மூடியிருக்காமல் பக்கத்தின் நடுவே கொட்டிக் கிடக்கும். எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. படிவத்தை அனுப்பினால் அந்த மதிப்பு போகாது. உரையாடல் சாளரத்துக்கான டயலாக் குறிச்சொல்லின் கதை நினைவிருக்கிறதா? குரோமில் 2014இல் வந்தது. ஃபயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் வர 2022 மார்ச் ஆனது. அந்த எட்டு ஆண்டுகள் ஒரு தேர்வுப் பெட்டிக்கு நேர்ந்தால், படிவம் வைத்திருப்பவர் யாரும் அதைத் தொடமாட்டார். தொட்டாலும் பழைய செலக்டையும் கூடவே எழுதி ஸ்கிரிப்டால் மறைத்துவைக்க வேண்டும். அது முதல் வழிக்கே திரும்பிப் போவது.

இதைவிட எனக்கு உறைத்தது சுற்றியிருக்கும் உலகம். செலக்ட் என்ற சொல்லை நம்பி நிற்பவை உலாவிகள் மட்டுமல்ல. கடவுச்சொல், முகவரி நிரப்பும் கருவிகள் அதைத் தேடுகின்றன. செலினியம் சோதனைக் கருவியில் செலக்ட் பெட்டிக்கென்றே ஒரு வகுப்பு உண்டு. வேறு குறிச்சொல்லைக் கொடுத்தால் எதிர்பாராத குறிச்சொல் என்று பிழை வீசி நின்றுவிடும். லேபிளோடு இணைவது, படிவச் சரிபார்ப்பு, மீட்டமைப்பு என்று ஒவ்வொன்றையும் புதிய குறிச்சொல்லுக்கு மீண்டும் சொல்லித்தர வேண்டும். அதோடு, ஒரே வேலைக்கு இரண்டு குறிச்சொற்கள் இருந்தால் எதை எப்போது பயன்படுத்துவது என்று புதிதாகக் கற்பவர் கேட்பார். ‘பழசு அழகில்லை, புதுசு அழகு’ என்பதைத் தவிர என்ன பதில் சொல்வது?

நான்காவது வழி, பழைய செலக்டின் பார்சர் விதியையே தளர்த்துவது. ஓபன் யூஐ கடைசியில் வந்து சேர்ந்ததும் குரோம் 135இல் வெளியானதும் இதுவே. இப்போது பார்சர் செலக்டுக்குள் டிவ், ஸ்பான், படம் எதையும் எறிவதில்லை. தோற்றம் மாற வேண்டுமென்றால் சிஎஸ்எஸ்ஸில் ‘பேஸ்-செலக்ட்’ என்ற மதிப்பை எழுதிக் கேட்க வேண்டும். கேட்காத பக்கத்தில் பெட்டி பழைய முகத்தோடே இருக்கும். மூடிய பெட்டியில் தெரியும் பகுதிக்கு உள்ளே ஒரு பட்டன், அதற்குள் செலக்டட்கன்டென்ட் என்ற சிறு குறிச்சொல். தேர்ந்த ஆப்ஷனின் உள்ளடக்கத்தை உலாவியே அங்கு நகலெடுத்து வைக்கும்.

பழைய உலாவியில் என்ன ஆகும்? இங்கேதான் பழைய விதியின் முரட்டுத்தனம் நமக்கு உதவிக்கு வருகிறது. தெரியாத குறிச்சொற்களை எறிந்துவிட்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் அல்லவா? அதனால் அலங்காரம் போகும், பெட்டி மிஞ்சும். திறக்கும், தேர்வாகும், அனுப்பும். என் ஸ்பானை விழுங்கிய அதே விதி, மாற்றத்தைத் தாங்கும் மெத்தையாகிறது. மூன்றாம் வழியை விட்டு நான்காம் வழிக்கு நான் மாறியது இந்த ஒரு காரணத்துக்காக என்றே சொல்லலாம்.

ஒரு முன்னோட்டமும் இருந்தது. செலக்டுக்குள் எச்ஆர் என்ற பிரிப்புக் கோடு 2023இல் அனுமதிக்கப்பட்டது. அந்த ஆண்டே சஃபாரி 17, குரோம் 119 ஆகியவை அதை ஏற்றன. அதுவரை ‘-----’ என்று கோடுகளை எழுத்தாகப் போட்டு, தேர்ந்தெடுக்க முடியாத ஆப்ஷனாக வைத்துச் சமாளித்தோம். திரைவாசிப்பான் ஒரு கோட்டை ஐந்து முறை வாசித்தால் கேட்பவர் என்ன பாடுபடுவார்! பார்சரில் ஒற்றைக் குறிச்சொல்லுக்குக் கதவைத் திறந்ததில் இணையம் இடிந்துவிழவில்லை.

ஆனால் எல்லாக் குறிச்சொல்லுக்கும் திறப்பது வேறு கதை. செலக்டை மூட மறந்த பக்கங்கள் உலகில் இருக்கின்றன. அப்படி மறந்தபின் படிவத்தில் எழுதும் கட்டத்துக்கான இன்புட் குறிச்சொல் வந்தால், பழைய பார்சர் செலக்டைத் தானே மூடிவிடும். எழுதியவருக்குத் தன் பிழை தெரியவே தெரியாது. எல்லாவற்றையும் உள்ளே விடுகிறேன் என்று இந்த வழக்கத்தையும் கைவிட்டால், அந்தப் பக்கங்களின் அடுத்த கட்டங்கள் எல்லாம் தேர்வுப் பெட்டிக்குள் போய் மாட்டிக்கொள்ளும். ஆகவே இன்புட் வந்தால் மூடு, செலக்டுக்குள் செலக்ட் வந்தால் மூடு என்ற பழைய பழக்கங்களை விட்டுவைத்தார்கள். அழகான விதி அல்ல. ‘எதையும் வைக்கலாம், இன்புட்டைத் தவிர’ என்பதை விளக்க ஒரு பழங்கதை சொல்ல வேண்டியிருக்கிறது. பரவாயில்லை. டபிள்யூ3சி 2007இல் வெளியிட்ட வடிவமைப்புக் கோட்பாடுகளில் ஒரு வரிசை உண்டு: பயனர் முதலில், பிறகு பக்கம் எழுதுவோர், பிறகு உலாவி செய்வோர், பிறகு வரையறை எழுதுவோர், கடைசியில்தான் கொள்கைத் தூய்மை. பிசிறு கடைசி இடத்தில் விழுந்தால் விழட்டும்.

இதே தர்க்கத்தைக் கொண்டு ‘அப்படியானால் பத்திக் குறிச்சொல்லுக்குள்ளும் பட்டியல் வைக்கலாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு என் பதில் மாறும். பத்திக் குறிச்சொல்லை மூடாமல் விடுவதை வரையறையே அனுமதிக்கிறது. டிவ்வோ பட்டியலோ வந்ததும் பத்தி தானாக மூடும் என்பதை நம்பியே எத்தனையோ பக்கங்கள் எழுதப்பட்டுள்ளன. அந்த விதியைத் தளர்த்தினால் உடைவது பிழையான பக்கங்கள் அல்ல, சரியாக எழுதிய பக்கங்கள். செலக்டை மூடாமல் விட்டவர் பிழை செய்தவர். பத்தியை மூடாமல் விட்டவர் விதிப்படி நடந்தவர். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமல்ல.

நான்காம் வழிமேல் எனக்கிருக்கும் குறைகளுக்கு வருகிறேன். பாதுகாப்பு முதலாவது. செலக்டுக்குள் யாராவது படக் குறிச்சொல் எழுதினால் இதுவரை அது செத்த எழுத்து. இனி படம் தரவிறங்கும், அது தோற்றால் அதற்கென்று எழுதிவைத்த நிரலும் ஓடும். பயனர் எழுதியதை வடிகட்டும் நிரல்கள் பல, தமக்குள் ஒரு பார்சரை வைத்திருக்கின்றன. சேவையகத்தில் இருக்கும் அந்தப் பார்சர் பழைய விதிப்படி ஒரு மரத்தையும், உலாவி புதிய விதிப்படி வேறு மரத்தையும் கட்டினால், இரண்டுக்கும் இடையிலான சந்து வழியேதான் திருடன் நுழைவான். புதிய குறிச்சொல்லில் இந்த ஆபத்து இல்லை. மூன்றாம் வழியின் மிக வலுவான வாதம் இது. இதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. வடிகட்டியைப் புதுப்பிக்காமல் படிவத்தைப் புதுப்பிக்காதீர்கள் என்று மட்டும் சொல்ல முடியும்.

அடுத்தது கைப்பேசி. பழைய செலக்டைத் தொட்டால் கைப்பேசியின் சொந்தத் தேர்வுப் பட்டியல் எழும்பும். விரலுக்குப் பழகியது, பெரிய எழுத்து வைத்திருப்பவருக்குப் பெரிதாகவே வரும். பேஸ்-செலக்ட் என்று எழுதிய கணமே அது போய்விடும். பட்டியலைப் பக்கமே வரையும், உலாவிச் சாளரத்துக்கு வெளியே நீளாது. ஒன்றுக்கு மேல் தேர்ந்தெடுக்கும் பெட்டிக்கு முதல் வெளியீட்டில் இடமே இல்லை. செலக்டட்கன்டென்ட் எடுப்பதும் தேர்வு நேர நகல்தான். பிறகு ஸ்கிரிப்ட் அந்த ஆப்ஷனின் உள்ளடக்கத்தை மாற்றினால் மூடிய பெட்டியில் பழையதே தெரியும்.

மூன்றாவதில்தான் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. பார்சர் எதையும் உள்ளே விடுகிறது என்றதும் ஆப்ஷனுக்குள் ‘நீக்கு’ பட்டனும் இணைப்பும் வைக்கக் கிளம்பிவிடுகிறார்கள். எழுதுவோருக்கான விதி அதை அனுமதிக்கவில்லை: ஆப்ஷனுக்குள் எழுத்து, படம், ஸ்பான், டிவ் போன்றவை சரி, சொடுக்கக்கூடிய எதுவும் கூடாது. காரணம் நியாயமானது. திரைவாசிப்பானுக்கு ஆப்ஷன் என்பது ஒற்றை வரி வாசகம். அதற்குள் இருக்கும் பட்டனுக்கு அது போய்ச்சேராது. கண்ணால் பார்த்துச் சொடுக்குகிறவருக்கு மட்டும் இருக்கும் கதவாகிவிடும் அது. குரோமின் ஆய்வுக் கருவி எச்சரிக்கை காட்டத்தான் செய்கிறது. ஆய்வுக் கருவியை யார் திறந்து பார்க்கிறார்கள்?

இதனால் நான்காம் வழி தவறென்று ஆகிவிடாது. முதலில் பிரித்த இரண்டு அடுக்குகளை நினைத்துப் பாருங்கள். இங்கே இரண்டும் வேண்டுமென்றே வெவ்வேறு அகலத்தில் வைக்கப்பட்டுள்ளன: பார்சர் தாராளம், எழுதும் விதி கறார். அனுமதிக்காத குறிச்சொல்லைப் பார்சரே எறிந்துகொண்டிருந்தால், நாளைக்கு ஒன்றைச் சேர்க்க நினைக்கும்போதெல்லாம் எச்ஆர் பட்ட பாடு மறுபடியும். பார்சரை ஒரே தடவை திறந்துவிட்டால் மீதிச் சண்டையெல்லாம் முதல் வகைக்கு, அதாவது ஏட்டில் ஒரு வரி திருத்தும் வகைக்கு, வந்துவிடுகிறது. அங்கே தவறினாலும் திருத்திக்கொள்ளலாம். கறார் அடுக்கைச் சரிபார்ப்புக் கருவிகளும் ரியாக்ட் போன்ற சட்டகங்களும்தான் காக்க வேண்டும், உலாவி காக்காது.

புதிதாக ஒரு படிவம் செய்யப்போகிறவர் என்னைக் கேட்டால், பட்டியலில் வெறும் எழுத்துதான் என்றால் பழைய செலக்டை அப்படியே விடச் சொல்வேன். பலவற்றைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி என்றால் தேர்வுக்குறிப் பெட்டிகளின் வரிசையே போதும். ஒற்றைத் தேர்வு, படமோ இரண்டு எழுத்துருவோ கட்டாயம் வேண்டும் என்றால் மட்டும் பேஸ்-செலக்ட். நூலகம் கடைசி.

என் மொழிப் பெட்டியை அப்படி மாற்றி எழுதிவிட்டேன். முன்பு இருநூறு வரிக்கு மேல் ஓடிய ஸ்கிரிப்ட் போயே போய்விட்டது. ஸ்பானுக்கு முன்னால் ஓர் இடைவெளியும் ஒரு சிறு கோடும் சேர்த்திருக்கிறேன். பழைய உலாவி ஸ்பானை விழுங்கினாலும் இரண்டு பெயர்களும் இனி ஒட்டிக்கொள்ளாது.